கதவு ரப்பர் வந்த வழி

சுகாதார நிலையத்துத் தடுப்பூசி ஃப்ரிட்ஜின் கதவு ரப்பர் கிழிந்துபோனது. நர்ஸம்மா அகலமான கட்டுத்துணியை ஃப்ரிட்ஜின் இடுப்பில் சுற்றி இறுக்கி, முதுகுவலிக்காரரைப் போல அதை நிறுத்தி வைத்திருந்தார். ஐஸ் கட்டிகளை மாற்றி மாற்றி வைப்பதிலேயே அவருக்குப் பாதி நாள் போனது. மாவட்ட அலுவலகத்துக்கு மூன்று கடிதம் எழுதினார். மூன்றிலும் கேட்டது ஒன்றுதான்: ஒரு கதவு ரப்பர்.

நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது. ரப்பர் வரவில்லை, நிபுணர் வருகிறார் என்றிருந்தது. பொது சுகாதாரத்தை வலுப்படுத்தும் வெளிநாட்டுத் தொழில்நுட்ப உதவித் திட்டத்தில் இந்த நிலையமும் சேர்க்கப்பட்டிருக்கிறதாம்.

நிபுணர் நல்ல மனிதர். நெடுநெடுவென்ற உயரம். நிலைப்படியில் தலை இடித்தும் சிரித்தபடியே உள்ளே வந்தார். கூடவே மொழிபெயர்க்க ஒரு பெண். நர்ஸம்மா அவரை நேரே ஃப்ரிட்ஜிடம் அழைத்துப்போய், கட்டை அவிழ்த்து, கிழிசலைத் தொட்டுக் காட்டினார். அவர் குனிந்து பார்த்தார். பிறகு உட்கார்ந்து, நூற்றுப் பன்னிரண்டு கேள்விகள் கொண்ட படிவத்தை விரித்தார். ஐந்து முறை 'ஏன்' என்று கேட்டால் எந்தப் பிரச்சினைக்கும் ஆணிவேர் அகப்பட்டுவிடும் என்பது அவர் படித்த படிப்பு.

கதவு ஏன் மூடவில்லை என்று கேட்டார். ரப்பர் கிழிந்திருக்கிறது என்றார் நர்ஸம்மா. ஏன் கிழிந்தது? பழசு. ஏன் மாற்றவில்லை? புதுசு வரவில்லை. ஏன் கேட்கவில்லை? மூன்று தடவை கேட்டாயிற்று.

"அப்ப ஏன் வரலைன்னு கேக்கிறார்," என்றாள் அந்தப் பெண்.

"அதுக்குப் பதிலாத்தானே சார் வந்திருக்கார்?"

நர்ஸம்மா கிண்டலாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். அந்தப் பெண் சற்று யோசித்துவிட்டு நீளமாக ஏதோ மொழிபெயர்த்தாள். நிபுணர் முகம் மலர எழுந்துவந்து நர்ஸம்மாவின் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வாரம் இரண்டு வந்து சேர்ந்தன. ஒன்று, ஃப்ரிட்ஜுக்குள் வைக்கும் சின்னக் கருவி. வெப்பம் எட்டு டிகிரியைத் தாண்டினால் நர்ஸம்மாவின் போன் கத்தும். தலைநகரத்தில் ஒரு திரையில் கோடு ஏறும். மற்றது, ஐந்து நாள் பயிற்சிக்கான உத்தரவு. மருந்தையெல்லாம் பக்கத்து ஊர் நிலையத்தில் ஒப்படைத்துவிட்டு, இங்கே பூட்டுப் போட்டுவிட்டுப் போனார். பயிற்சி நடந்த ஹோட்டல் அறை பல் கிட்டிக்கும் குளிர். மருந்தைக் கையோடு கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்திருக்கலாமே என்று தோன்றியது. கடைசி நாளில் ரப்பரைப் பற்றிக் கேட்டார். அது கொள்முதல் பிரிவு, இது திறன் வளர்ப்புப் பிரிவு என்று மிக மரியாதையாகச் சொன்னார்கள்.

ஊருக்குத் திரும்பி மருந்தையும் கருவியையும் உள்ளே வைத்ததும் போன் கத்த ஆரம்பித்தது. கட்டை இறுக்கினார், கத்தியது. ஐஸை அடுக்கினார், கத்தியது. புதன்கிழமை அறுபது குழந்தைகளுக்கு ஊசி.

நர்ஸம்மாவின் கொழுந்தன் ஃப்ரிட்ஜ் மெக்கானிக். அரசாங்கச் சொத்தில் வெளியாள் கை வைக்கக் கூடாது என்பதால்தான் இத்தனை நாள் அவனைக் கூப்பிடவில்லை. இப்போது கூப்பிட்டார். கழித்துப்போட்ட ஃப்ரிட்ஜ் ஒன்றிலிருந்து நல்ல ரப்பரை உருவி வந்தான். வெந்நீரில் போட்டு இளக்கி, சுற்றிலும் அழுத்திப் பொருத்தினான். முக்கால் மணி நேர வேலை.

"இதுக்கா அண்ணி இத்தனை பாடு?" என்று மட்டும் கேட்டான்.

வெப்பம் நாலு டிகிரியில் நின்றது. புதன்கிழமை ஐம்பத்தெட்டுக் குழந்தைகள் வந்து வீறிட்டு அழுதுவிட்டுப் போயின. அந்த அழுகை நர்ஸம்மாவின் காதுக்கு அவ்வளவு இதமாக இருந்தது.

தலைநகரத்துத் திரையிலும் கோடு சரேலென இறங்கியது. பயிற்சி முடிந்த மூன்றாம் நாள்! காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். ஆனால் இந்தக் காக்கையிடம் கோடு போட்ட வரைபடம் இருந்தது. திட்டத்தின் வெற்றிக்குச் சாட்சியாக நர்ஸம்மாவை மாநாட்டு மேடையில் ஏற்றினார்கள். அவருக்குப் பொய் வராது.

"பயிற்சியில நல்லா சாப்பாடு போட்டாங்க," என்றார். "ரப்பர் போட்டது என் கொழுந்தன்."

அந்தப் பெண் இம்முறை ஒரு சொல் கூட்டாமல் மொழிபெயர்த்தாள். அரங்கத்தில் யாரோ இதுதான் 'சமூகப் பங்கேற்பு' என்றார்கள். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

பத்தாம் நாள் ஒரே தபாலில் இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் பாராட்டுச் சான்றிதழ். மற்றதில் மெமோ: அனுமதியின்றி வெளியாளை அரசுச் சொத்தைத் தொடவிட்டது ஏன்? அன்று முழுக்க அவருக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் தெளிந்து பதில் எழுதினார். தவறுதான், அலுவலகம் ரப்பர் அனுப்பியதும் இதைக் கழற்றி உரியவரிடம் ஒப்படைத்துவிடுகிறேன் என்று.

அதற்குப் பதில் வரவில்லை. போன்தான் வந்தது. மெமோவில் கையெழுத்திட்ட அதிகாரியே பேசினார். குடும்பம், வெயில் எல்லாம் விசாரித்துவிட்டு, தன் அலுவலக அறை ஃப்ரிட்ஜில் தண்ணீர் குளிர்வதே இல்லை, அந்தக் கொழுந்தன் நம்பர் கிடைக்குமா என்றார்.

"தரேன் சார். ஆனா அவன் வெளியாளாச்சே. எழுத்துமூலமா ஒரு அனுமதி குடுத்துடுங்க."

அனுமதி மறுநாளே வந்துவிட்டது. எந்த ஃப்ரிட்ஜ் என்று குறிப்பிட அவசரத்தில் மறந்திருந்தார்கள். நர்ஸம்மா அதை ஏழு நகல் எடுத்து, கொழுந்தன் கையில் கொடுத்து, மாவட்டத்தில் ரப்பர் கேட்டுக் காத்திருந்த மற்ற ஏழு சுகாதார நிலையங்களுக்கும் அவனை அனுப்பி வைத்தார்.