எல்சா என்று இன்னொருத்தி

1
உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எழுத நினைத்தது, அந்தக் காலத்து ஸ்கொட்லாந்து உதைபந்தாட்ட மேலாளர் ஒருவரைப் பற்றி. ‘அலெக்சாண்டர் மக்ரே பெரிய மீசைக்காரர். அவர் விசில் அடித்தால்…’ அதற்குமேல் ஓடவில்லை. மனிதர் மீசையைத் தாண்டி வர மாட்டேன் என்றுவிட்டார். அவருடைய மகளைக் கட்டிலில் கிடத்திய பிறகுதான் கதை அசைந்தது.

2
2006. ஜெர்மனியின் ஹம் நகரில் ஒரு முதியோர் இல்லம். அங்கே வேலைசெய்யும் ஞானமலரிடம் தொண்ணூற்று மூன்று வயது எல்சா கேட்டார்:

“அப்பா இஞ்ச பந்து பழக்க வந்தவர். எனக்கு ஒரு வயசில, முதலாம் உலகச் சண்டை தொடங்க முன்னம், ஊருக்குத் திரும்பிப் போயிட்டார். அங்க பெண்சாதி, ஜோன், மேரி எண்டு பிள்ளையள். என்னை ஒருக்காலாவது நினைச்சவரோ?”

(கேட்டது ஜெர்மனில். என் பேனாவுக்கு யாழ்ப்பாணம்தான் வரும்.)

ஞானமலர் ஸ்கொட்லாந்து ஆவணக் காப்பகத்துக்குப் படிவம் நிரப்பி அனுப்பினாள்: ஜோன் அலெக்சாண்டர், மேரி அலெக்சாண்டர். அப்படி யாருமில்லை என்று இரண்டு தடவை பதில் வந்தது. மகள் தேனுஜா தற்செயலாகப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

“அம்மா! அவையள் எங்களை மாதிரித் தேப்பன்ர பேரைப் பின்னால போடுறேல்ல. மக்ரே எண்டு போடுங்கோ!”

“ஐயோ, ஆறு மாசம் போச்சே!”

அதற்குள் எல்சா எழுந்து நடப்பதை விட்டிருந்தார்.

3
மக்ரே என்று போட்டதும் முகவரி கிடைத்தது; மேரியின் மகன் பதில் எழுதியிருந்தார். தாத்தா ஜெர்மனியைப் பற்றி வாயே திறந்ததில்லையாம். கடைசி வரி மட்டும் இப்படி: ‘போருக்குப் பிறகு பிறந்த என் சின்னம்மாவுக்கு, பாட்டி சண்டைபிடித்தும் கேளாமல், தாத்தா எல்சா என்று பெயர் வைத்தார். ஏனென்று எவருக்கும் தெரியாது.’

ஞானமலர் அழுதேவிட்டாள்.

“வாசிச்சுக் காட்டுங்கோ அம்மா. சந்தோசப்படுவா.”

“எங்கட வீட்டில செத்த ஆக்களின்ர பேரையெல்லோ பிள்ளைக்கு வைக்கிறது? உன்ர அண்ணனுக்கு என்ர தம்பியின்ர பேர். ‘என்னைச் செத்தவளா எண்ணிப்போட்டாரோ’ எண்டு கேட்டா?”

4
இரண்டு முடிவுகள் எழுதினேன். ஒன்றில் எல்சா சிரித்தார், சீனி கூடிவிட்டது. மற்றதில் சுவர்ப்பக்கம் திரும்பி… வேண்டாம், கிழித்துவிட்டேன்.

இப்போது ஞானமலர் கதிரையை இழுத்துப்போட்டு, கட்டிலருகே இருந்து வாசிக்கிறாள். கடைசி வரிக்கு முன்னால் நிறுத்திவிட்டாள்.

“அவ்வளவுதானோ, பிள்ளை?” என்கிறார் எல்சா.

ஞானமலர் என்னைப் பார்க்கிறாள். எனக்கு ஏலாது. கடிதத்தை நீங்கள் வாங்குங்கள்.