கொடிக்களத்தில் பஸ் நிலையம்

கிழக்கு வெளுக்கும்போதே நீலக்காவுக்கு மணிக்கட்டு வலிக்கத் தொடங்கிவிட்டது. ஆஸ்பத்திரி விரிப்பு சாதாரணத் துணி இல்லை. நனைந்தால் கைக்குழந்தையின் கனம் கனக்கும். ஒரு முனையை அவள் பிடிக்க, மறுமுனையை எதிரில் நிற்பவள் பிடிக்க, இருவரும் எதிரெதிராக முறுக்க வேண்டும். முறுக்கேற ஏறத் தண்ணீர் முதலில் கொட்டும், பிறகு சொட்டும், கடைசியில் விரல் வழியே முழங்கைக்கு இறங்கிச் சட்டைக்குள் ஓடும். கொதிகலனின் ஆவியும் வெளுப்புத் தூளின் காரமும் தொண்டையைக் கமறவைத்தன. வெள்ளைத் துணிக்கு நீலம் போடுவது இருபது வருடமாக அவள் பொறுப்பு. நகக்கண்ணில் ஏறிய நீலம் எந்தச் சோப்புக்கும் மசியாததால் அவளுக்கு அந்தப் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவளே திரும்பிப் பார்க்கமாட்டாள்.

பிழிந்த விரிப்புகளைக் கூடையில் சுமந்து தொட்டிகளைத் தாண்டினால் கொடிக்களம். சலவைக்கூட முதலாளிக்குச் சொந்தம் தொட்டிகளும் கொதிகலன் அறையும்தான். களம் அரசாங்கத்தின் தரை. வரிசை வரிசையாக மூங்கில் கம்புகள், அவற்றுக்கு இடையே இரட்டைப் புரிக் கயிறுகள். கிளிப்பு, ஊசி எதுவும் கிடையாது. புரியை விரலால் பிரித்துத் துணியின் மூலையைச் செருகினால் போதும், எந்தக் காற்றுக்கும் அசையாது. முப்பத்து நான்கு பெண்களின் பிழைப்பு அந்தப் புரிகளுக்கு நடுவேதான் செருகிக்கிடந்தது.

அன்று தொட்டிச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. சலவைக்கூடத்தின் ஒரே ஆண் இஸ்திரி அண்ணன், வாய்த்துடுக்குக்குப் பேர்போனவர். அவர்தான் உரக்கப் படித்தார்.

"மேற்படி நிலத்தில் பேருந்து நிலையம் அமைக்கத் தீர்மானிக்கப்பட்டுள்ளது. நேரில் பார்வையிட்டதில் எவ்விதப் பயன்பாடும் காணப்படவில்லை. வரும் வெள்ளிக்கிழமை எல்லைக்கல் நடப்படும்."

படித்து முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார். "பயன்பாடு காணப்படலையாம். அப்போ இத்தனை வருஷமா நாம என்னத்தைக் காயப்போட்டோம், நிலாவையா?"

யாரும் சிரிக்கவில்லை. யாரும் நீலக்காவைப் பார்க்கவும் இல்லை. பார்க்காமல் இருந்ததுதான் அவளைக் குத்தியது.

ஏனென்றால் செய்தவள் அவள்தான்.

இரண்டு மாதத்துக்கு முன்னால், பஸ்ஸுக்கு இடம் பார்க்க அதிகாரிகள் வருகிறார்கள் என்று சேதி வந்தது. பஸ் வேண்டுமென்று மூன்று வருடமாக மனுப்போட்டவர்கள் இவர்களேதான். முதல் கையெழுத்தே நீலக்காவுடையது. பக்கத்து வயல்களில் எல்லாம் வீடுகள் முளைத்து, பகுதி இரண்டு மடங்காகிவிட்டது. பஸ் மட்டும் பழைய இடத்திலேயே, நாற்பது நிமிட நடைக்கு அப்பால் நின்றுகொண்டிருந்தது. "பெரிய மனுஷங்க வர்றாங்க. இப்படிக் கந்தரகோலமா கிடந்தா என்ன நினைப்பாங்க?" என்று அவள்தான் எல்லோரையும் விரட்டினாள். ஒரு நாள் முழுக்கக் கயிறுகளை அவிழ்த்தார்கள். கம்புகளைப் பிடுங்கிக் கொதிகலன் அறைக்குப் பின்னால் அடுக்கினார்கள். குழிகளை மூடி, பெருக்கி, தண்ணீர் தெளித்தார்கள். வீட்டுக்கு ஆள் வந்தால் பாயைச் சுருட்டி வைப்பதில்லையா, அப்படித்தான். அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள், பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. ஒருவர் மட்டும், "இடம் ரொம்பச் சுத்தமா இருக்கே" என்றார். அந்தப் பாராட்டை நாக்கின் அடியில் கற்கண்டுபோல இரண்டு நாள் அடக்கிவைத்திருந்தாள் நீலக்கா.

இப்போது அது கரைந்து, கசப்பு மட்டும் மிச்சமிருந்தது. பாராட்டுக்கு ஏன் அப்படி ஏங்கினோம் என்று தன்னையே கேட்டுக்கொண்டாள். ஊரார் அழுக்கைச் சுமப்பவள், தன் இடத்திலாவது அழுக்கு இல்லையென்று காட்ட ஆசைப்பட்டாள். தான் உழைக்கும் தடயத்தைத் தானே அழித்துவிட்டு நின்றாள். தன் கையாலேயே தன் கண்ணைக் குத்திக்கொள்வது என்றால் இதுதான்.

மறுநாள் நகரத் திட்ட அலுவலகத்துக்குப் போனாள். முதல் சாளரத்தில் இரண்டாவதுக்குப் போகச் சொன்னார்கள். இரண்டாவதில் இருந்தவர், "உலர்த்துற இடம்னு எங்கேயும் பதிவு இல்லையேம்மா" என்றார்.

"பதிவு இல்லாட்டி என்ன சார், வந்து பாருங்க. இப்போ கம்பெல்லாம் நட்டாச்சு."

"பார்த்துட்டுத்தானே எழுதியிருக்காங்க."

"அன்னைக்கு நாங்க கழட்டி வெச்சிருந்தோம்."

"ஏன் கழட்டினீங்க?"

உங்களுக்காகத்தான் என்று எப்படிச் சொல்வது?

"உங்க முதலாளிகிட்ட, தொழிலுக்குப் பயன்படுது, ஆட்சேபம் இருக்குன்னு எழுதி வாங்கிட்டு வாங்க. பார்க்கலாம்" என்று சாளரத்தை மூடினார்.

முதலாளி மரியாதையானவர். திட்டும்போதுகூட "அம்மா" போடுவார். நீலக்காவோடு ஐந்தாறு பெண்களும் இஸ்திரி அண்ணனும் போய் நின்றபோது, அவர் மேசையில் ஒரு படப் புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். உலர்த்தும் இயந்திரங்களின் படங்கள்.

"எழுதித் தரலாம்மா. ஆனா நான் எதுக்கு பஸ்ஸை எதிர்க்கணும்? பஸ் கேட்டது நீங்க. நானா கேட்டேன்?"

"பஸ்தான் கேட்டோம் ஐயா. களத்தைக் கொடுக்கிறோம்னு சொல்லலையே."

"பஸ் ஆகாயத்திலயா வந்து நிக்கும்? எங்கேயாவது நிக்கணும் இல்ல?"

"களம் போனா துணி எங்கே காயும்?"

அவர் புத்தகத்தைத் திருப்பிக் காட்டினார். "இதுல காயும். மழையா வெயிலான்னு பார்க்க வேண்டாம்."

"இதை ஓட்ட எத்தனை பேர் வேணும்?"

"ஆறு பேர்."

"மிச்சம் இருபத்தெட்டு பேர்?"

"முன்னேற்றம்னு வந்தா நாலு பேருக்குக் கஷ்டம் வரத்தான்மா செய்யும்."

"நாலு இல்ல ஐயா, இருபத்தெட்டு," என்றார் இஸ்திரி அண்ணன். "முப்பத்து நாலுல நீங்க சொன்ன ஆறைக் கழிச்சா அதான் வருது."

முதலாளி சிரித்தார். பஸ் நிலையம் வந்தால் அதன் முகப்புக் கடைகளில் இரண்டை அவருக்கு ஒதுக்குவதாகப் பேச்சு என்பது அதற்குள் ஊருக்கே தெரிந்திருந்தது. அவரிடம் ஆட்சேபம் எழுதி வாங்குவது கல்லில் நார் உரிக்கிற வேலை. வெளியே வந்ததும் ஒருத்தி தரையில் காறித் துப்பினாள். "கிணறு வெட்ட பூதம் கிளம்பின கதைதான்" என்றாள், நீலக்காவைப் பார்க்காமல்.

அன்று சாயங்காலம் வீட்டில் உட்கார்ந்து நீலக்காவே ஒரு மனு எழுதினாள். எழுதிக்கொண்டிருந்தபோது தங்கை வந்தாள். இரண்டு அறை வீட்டில் அக்காவும் தங்கையும்தான். தங்கைக்கு ஆஸ்பத்திரியில் வார்டு துப்புரவு. கட்டிலிலிருந்து அழுக்கு விரிப்பை உருவுவது அவள். அதையே துவைப்பது இவள். தங்கை செருப்பைக் கழற்றிவிட்டு, வாளியில் வெந்நீர் ஊற்றிக் காலை விட்டாள். குதிகால் வெடிப்பில் நீர் பட்டதும் பல்லைக் கடித்தாள்.

"பஸ் வரக்கூடாதுன்னு மனு எழுதுறியாமே?"

"களம் போகக்கூடாதுன்னு எழுதுறேன்."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான்."

"உனக்கென்னடி, அரசாங்க ஆஸ்பத்திரி வேலை. என் பிழைப்பு போகுது."

"நான் உருவிப் போடுற அழுக்கு விரிப்பு வேன்ல ஏறி வருதுக்கா. நான் நடந்து வர்றேன். அந்த விரிப்புக்கு இருக்கிற மரியாதைகூட எனக்கு இல்ல." அவள் குரல் உயரவில்லை, அதுவே நீலக்காவைச் சங்கடப்படுத்தியது. "போன மாசம் எங்க செட்டுக்காரி இருட்டில கால்வாய்ப் பள்ளத்துல விழுந்தாளே, இடுப்பெலும்பு இன்னும் சேரல. அவளைப் பத்தி உன் மனுவில ஏதாச்சும் எழுதியிருக்கியா?"

நீலக்காவுக்குச் சுருக்கென்று ஒரு பதில் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, கண் தாளின்மேல் விழுந்தது. இரண்டு பக்கம் எழுதியிருந்தாள். களம், கயிறு, இருபது வருடம், முப்பத்து நான்கு குடும்பம். பஸ் என்ற சொல்லே அதில் இல்லை. எதிரில் வாளிக்குள் ஊறிக்கொண்டிருந்த அந்தக் காலும் இல்லை. ஜீப்பில் வந்தவர்கள் மேல் இருந்த ஆத்திரம் சட்டென்று திசைமாறி அவள் மேலேயே பாய்ந்தது. ஒரே கூரைக்குள் இருந்துகொண்டு இவளுக்கும் எதுவும் காணப்படவில்லை.

தாளை நான்காக மடித்தாள்.

"சரி. பஸ் வரணும். எங்கே நிக்கணும், நீயே சொல்லு."

தங்கை நிமிர்ந்து பார்த்தாள். இப்படி ஒரு கேள்வியை அவளிடம் யாரும் கேட்டதில்லை.

"உன் களத்திலதான் நிக்கணும்னு நான் எப்போ சொன்னேன்? அங்கே நின்னாலும் எங்களுக்குப் பாதி நடைதான் மிச்சம். அதுவும் களத்துக்கு வர்ற சந்து வளைவுல பஸ் திரும்பவே திரும்பாது. எங்க ஸ்டாப் டிரைவரே சொல்றார், பின் சக்கரம் கால்வாயில இறங்கிடும்னு." கொஞ்சம் யோசித்தாள். "பீங்கான் பேக்டரி மூடிக்கிடக்கே, மெயின் ரோட்டு மேல. உள்ளே எவ்வளவு பெரிய முற்றம் தெரியுமா? சுவர் இடிஞ்ச பக்கமா தினமும் பார்த்துட்டுத்தான் போறேன். கேட்டுல போர்டு இருக்கு, அரசு நிலம், உள்ளே வராதேன்னு. புது வீடுகளுக்கும் அதுதான் கிட்ட."

"அதை ஏன் அவங்க பார்க்கல?"

"ஜீப்புல போறவங்களுக்குச் சுவர்தான் தெரியும்."

அடுத்த நாள் வேலை முடிந்ததும் அக்கா தங்கையோடு, நடந்து வேலைக்குப் போகும் பெண்கள் ஏழெட்டுப் பேர், துவைக்கிற பெண்கள் சிலர், இஸ்திரி அண்ணன், பஸ் டிரைவர் எல்லோரும் பீங்கான் ஆலை முற்றத்துக்குள் நுழைந்தார்கள். உடைந்த கோப்பைகள் காலடியில் நொறுங்கின. டிரைவர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு, கையில் ஸ்டியரிங் இருப்பதுபோலப் பாவனை செய்துகொண்டே நடந்து வளைந்தார். "ரெண்டு பஸ் நின்னாலும் மூணாவது திரும்பலாம்," என்றார். துவைக்கிற பெண்கள் முழம்போட்டு அளந்தார்கள். நடக்கிற பெண்கள், எந்தத் தெருவிலிருந்து எத்தனை பேர், எத்தனை மணிக்கு வருவார்கள் என்று சொல்லச் சொல்ல, நீலக்கா எழுதினாள். புதிய மனுவின் முதல் வரி: 'எங்களுக்குப் பஸ் வேண்டும்.' இரண்டாம் வரி: 'எங்களுக்குக் களமும் வேண்டும்.' அதை வாங்கிக்கொள்ளத்தான் எந்தச் சாளரத்திலும் ஆள் இல்லை. வியாழன் மாலை வரை அலைந்தும் ஒரு முத்திரைகூட விழவில்லை.

வியாழன் மாலையே முதலாளி தொட்டிப் பக்கம் வந்தார். "நாளைக்கு எல்லாருக்கும் லீவும்மா. சம்பளத்தோட."

"இருபது வருஷத்துல சம்பளத்தோட லீவு!" என்று இஸ்திரி அண்ணன் அண்ணாந்து பார்த்தார். "சூரியன் எந்தப் பக்கம் உதிச்சுதுன்னு காலையில கவனிக்காம விட்டுட்டேனே."

களம் காலியாகக் கிடக்கத்தான் அந்த லீவு என்று புரிந்து, வெள்ளிக்கிழமை முப்பத்து நான்கு பேரும் வேலைக்கு வந்தார்கள். விடியுமுன் வந்து, தொட்டியில் ஊறிய அத்தனையையும் அலசிப் பிழிந்தார்கள். அளவுக் கருவியோடு சர்வேயர் வந்து இறங்கியபோது, களத்தில் கால்வைக்க இடமில்லை. வரிசை வரிசையாக விரிப்புகள், தலையணை உறைகள், அறுவை அறையின் பச்சைத் துணிகள். கருவியை எங்கே நிறுத்திப் பார்த்தாலும் கண்ணாடியில் ஈரத் துணிதான் தெரிந்தது. களத்து ஓரத்தில், அன்று வேலைக்குப் போகாமல் தங்கையும், அவளைப்போல நடந்து போகிற இன்னும் அறுபது பேரும் நின்றார்கள்.

முதலாளி ஓடிவந்தார். மரியாதை போய்விட்டிருந்தது. "யாரைக் கேட்டு வந்தீங்க? இன்னிக்கு வேலை செஞ்ச யாருக்கும் நாளையிலேருந்து வேலை கிடையாது!"

"வேலைக்கு வந்ததுக்காகவா ஐயா வேலையை விட்டுத் தூக்குறீங்க?" என்றாள் நீலக்கா.

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். நாளை முதல் வேலை இல்லை என்பது வெறும் மிரட்டல் இல்லை, அவர் செய்வார். அது தெரிந்தே நின்றாள்.

சர்வேயர் நெற்றியைத் துடைத்தார். "ஏம்மா, சத்தம் போடாதீங்க. பஸ் வேணும்கிறவங்க ஒரு பக்கம் நில்லுங்க, வேண்டாம்கிறவங்க ஒரு பக்கம் நில்லுங்க. நான் எழுதிக்கணும்."

யாரும் நகரவில்லை. தங்கை வந்து அக்காவின் பக்கத்தில் நின்றாள்.

"பிரிக்க முடியாது சார்," என்றாள். "வேணும்கிறதும் நாங்கதான். இங்கே வேண்டாம்கிறதும் நாங்கதான்."

சர்வேயர் மனுவை வாங்கிப் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். தன் வரைபடத்தில் பீங்கான் ஆலை இருக்கும் இடத்தில் விரலை வைத்து ஏதோ யோசித்தார். "இது நல்லாத்தான் இருக்கு. ஆனா நான் கல்லு நடுற ஆளு. இடத்தை மாத்துறது தலைமை அலுவலகத்துல. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள நேர்ல கொடுத்தா, திங்கட்கிழமைக் கூட்டத்துல வைப்பாங்க. வைக்காமலும் போகலாம்." கல்லை இறக்காமலே ஜீப்பில் ஏறினார். முதலாளி அதன் பின்னாலேயே தன் காரில் விரைந்தார். எங்கே போகிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது.

"அவர் கார்ல போய்ச் சேர்ந்துடுவார்," என்றாள் ஒருத்தி.

"நாமளும் போவோம்," என்றாள் நீலக்கா. யாரையும் விரட்டுகிற குரலில் இல்லை; கேட்கிற குரலில். முன்பு முகம் திருப்பிக்கொண்டவள், கிணறும் பூதமும் பேசியவள், கூடையைக் கீழே வைத்துவிட்டு அவளிடம் வந்து, "மனுவைப் பத்திரமா வை, கையெல்லாம் ஈரம்" என்றாள்.

தொண்ணூற்றுச் சொச்சம் பேர் மெயின் ரோட்டை அடைந்தார்கள். இஸ்திரி அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நல்லவேளை பஸ் இல்ல. இருந்தா இத்தனை பேரையும் ஏத்தியிருக்க மாட்டான்."

முதல்முறையாக நீலக்கா சிரித்தாள். அவள் பழக்கதோஷத்தில் ரோட்டின் ஓரமாக, புழுதியில் இறங்கி நடக்கப் போனாள். தங்கை முழங்கையைப் பிடித்து இழுத்தாள்.

"ஓரத்துல நடந்து என் கால் வெடிச்சது போதும்க்கா. இன்னிக்கு நடுவுல நட."

பின்னால் ஏதோ வண்டி ஒலியெழுப்பியது. நடந்தவர்கள் இன்னும் நெருங்கி, ரோடு நிறைய நடந்தார்கள்.