ரத்னா கேட்டு வாங்கிய மைதானம்

எட்டாம் வகுப்பு ஹம்சினிக்கு ஆட்டம் வரும், பேச்சுதான் வராது. டெனிகாய்ட் வளையம் வலையைத் தாண்டி எந்தப் பக்கம் பறந்து வந்தாலும் ஒற்றைக் கையால் பிடித்துவிடுவாள். யாராவது பேர் கேட்டால் தலை தானாகக் குனிந்துகொள்ளும். இரட்டையர் ஆட்டத்தில் அவளுக்கு ஜோடி, அதே வகுப்பு ரத்னா.

பள்ளிகளுக்கிடையிலான போட்டிக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. வலையைச் சுருட்டி எடுத்துக்கொண்டு இருவரும் மந்தைவெளி கார்ப்பரேஷன் மைதானத்துக்கு வந்தால், இடம் முழுக்கப் பையன்கள் கிரிக்கெட்.

"அவா ஆடிண்டிருக்கா. வா, ஆத்துக்குப் போயிடலாம்," என்று முணுமுணுத்தாள் ஹம்சினி.

ரத்னா சற்று நேரம் ஆட்டத்தைப் பார்த்தாள். பிறகு நேரே ஃபீல்டிங் கேப்டன் செந்தில்குமாரிடம் போனாள்.

"இன்னா நைனா, லெக் சைடுல ஆளே இல்ல, எல்லாம் ஃபோருக்குப் போவுது? நாங்க ரெண்டு பேரும் நிக்கிறோம். மேட்ச் முடிஞ்சதும் அந்த ஓரத்த எங்களுக்கு வுடு."

மற்றவர்கள் சிரித்தார்கள். தோற்றுக்கொண்டிருந்த செந்தில்குமார் சிரிக்கவில்லை. "சரி, நில்லு."

பந்து உயரே எழும்பி ஹம்சினி பக்கம் வந்தபோது, ஓடிப்போய் எட்டிப் பிடித்துவிட்டாள். அந்த விக்கெட்டில்தான் ஆட்டம் திரும்பியது. செந்தில்குமார் அணி ஜெயித்தது.

ஜெயித்த ஜோரில் பையன்கள் அடுத்த மேட்சுக்கு டாஸ் போட்டார்கள். பேசிய பேச்சு காற்றோடு போயிற்று. ஹம்சினி வலையை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தாள். ரத்னாவோ சண்டைக்கே போகவில்லை.

"செந்திலு, எங்களுக்கு ஒரு அம்பயர் வோணும். உன்ன மாரி கரீட்டா சொல்றவன் இங்க யாரு கீறான்? எதிர்ல ஆட ரெண்டு பேர அனுப்பு, பாக்கலாம்."

அவன் நெஞ்சு நிமிர்ந்ததை ஹம்சினி கண்ணால் பார்த்தாள். இப்படியெல்லாம் பேச இவளுக்கு எங்கிருந்து வருகிறது என்று வாய் பிளந்து நின்றாள்.

அந்த ஓரத்தில் வலை கட்டி, எதிரே இரண்டு பையன்கள் நிற்க, ஆட்டம் சூடு பிடித்தது. ஹம்சினி வீசிய வளையம் பின்கோட்டருகே விழ, செந்தில்குமார் கை தூக்கினான். "அவுட்டு!"

"இல்லை! கோட்டு மேலதான் விழுந்தது. வந்து பாரு!"

கத்தியது தான்தான் என்று ஹம்சினிக்கே உறைக்கச் சற்று நேரம் பிடித்தது. செந்தில்குமார் குனிந்து மண்ணில் பதிந்த தடத்தைப் பார்த்தான். "ஆமா, கோட்டு மேலதான். பாயிண்ட் உனக்கு."

ரத்னா அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினாள்.

பள்ளிப் போட்டியில் அவர்கள் அரையிறுதியில் தோற்றுப்போனார்கள். ஆனால் அடுத்த ஞாயிறு, மைதானத்தின் அந்த ஓரத்தில் வளையம் வீசப் பையன்கள் முண்டியடித்தார்கள். யார் யாரோடு ஜோடி என்று ஆள் பிரித்துவிட்டவள் ஹம்சினி.