பிரித்து நடும் பருவம்

பெயிண்டருக்கு நிறம் தெரியும்; பூ தெரியாது. மனைவி இருந்தவரை, வீட்டு முன்பாத்தியில் எந்தச் செடிக்குப் பக்கத்தில் எது நிற்பது என்று இருவருக்கும் ஓயாத வழக்கு. ஊதா சால்வியாவுக்குப் பின்னால் மஞ்சள் செவ்வந்தி நின்றால் கண்ணைப் பறிக்கும் என்று ஒரு தடவை இவர் அடம்பிடித்து நட்டுவிட்டார். சால்வியா பூத்து ஓய்ந்து வெறும் குச்சியாகிப் பல நாள் கழித்துத்தான் செவ்வந்தி சாவகாசமாக முதல் மொட்டை விட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நல்லா ஜோடி சேர்த்தீங்க போங்க. மாப்பிள்ளை வந்து சேர்றதுக்குள்ள பொண்ணு கிளம்பிட்டா. இது சுவரா, அடிச்சது அடிச்சபடி நிக்க?"

அதற்குப் பிறகு பாத்தி முழுக்க அவள் ராஜ்ஜியம். ஒரு தடவை நட்டால் வருஷா வருஷம் தானே தழைக்கிற செடிகளாகப் பார்த்து வாங்கினாள். நெட்டையெல்லாம் பின்னால், குட்டையெல்லாம் நடைபாதை ஓரம். சிவப்பு ஜெரேனியமும் ரோஸ் நிற ஃப்ளாக்ஸும் ஒன்றையொன்று முறைத்துக்கொண்டு நின்றபோது நடுவில் வெள்ளை டெய்சியைக் கொண்டுவந்து உட்கார வைத்தாள். பஞ்சாயத்து முடிந்தது. தெருவில் போகிறவர்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று பார்த்தார்கள்.

அவள் போன பிறகு அவர் பாத்தியில் கை வைக்கவில்லை. தண்ணீர் ஊற்றினார், அவ்வளவுதான். ஒரு செடியை ஒரு விரற்கடை நகர்த்தக்கூட மனம் வரவில்லை. எல்லாம் அவள் வைத்தது வைத்தபடி இருக்க வேண்டும். மூன்றாம் வருஷம் டெய்சி வளையமாகத்தான் பூத்தது. நடுவில் ஒன்றுமில்லை.

"உங்க தலை மாதிரியே இருக்கு அத்தான்," என்றாள் மைத்துனி. அவள் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவள். நாலு பேர் நடுவிலும் ரகசியத்தை உரக்கத்தான் சொல்லுவாள். அக்காவிடம் செடி வளர்க்கக் கற்றுக்கொண்டு அக்காவையே அதட்டிக்கொண்டிருந்தவள். "நடுவுல சொட்டை, சுத்தி முடி. பிரிச்சு நடணும்."

"யாரும் எதையும் பிரிக்க வேண்டாம்."

"புதர் முத்திப் போச்சு. நடுப்பாகம் செத்துட்டுச் சுத்திலும் புதுசு கிளம்பும். நாலு வருஷத்துக்கு ஒரு தடவை தோண்டிப் பிரிக்கலைன்னா மொத்தமும் போயிடும். அக்காவே பிரிச்சிருப்பா."

"அவ பிரிச்சிருந்தா அது வேற."

அவள் கடப்பாரையை எடுக்கப் போனாள். அவர் தடுக்கவில்லை, மொத்தமும் போயிடும் என்ற சொல் அவரைப் பிடித்துக்கொண்டிருந்தது. புதரைப் பெயர்த்து எடுத்து, பழைய ரொட்டிக் கத்தியால் கேக் வெட்டுகிற மாதிரி வெட்டினாள். ஓரத்துத் துண்டுகளில் இளவேர்கள் வெள்ளை வெளேரென்று தொங்கின. நடுத்துண்டு பழுப்பாக, கட்டை தட்டிப் போயிருந்தது. அதன் அடியில், நர்சரியிலிருந்து வந்த தொட்டியின் வடிவத்திலேயே மண் இறுகிக் கிடந்தது.

"இதைக் குப்பைக் குழியில போடுங்க அத்தான்."

அவர் வாங்கிக்கொண்டார். போடவில்லை. "இதானே அவ வெச்சது?"

"ஆமா, ஆனா…"

"மத்ததெல்லாம் அவ போன பிறகு வந்தது. நீயே எடுத்துட்டுப் போ. இதை இருந்த இடத்துலயே வெச்சிடறேன்."

"உயிர் இருக்கறது இதுல அத்தான். உங்க கையில இருக்கறது கட்டை."

"கட்டையாவே இருந்துட்டுப் போகட்டும்."

டிக்கெட் எடுக்காத ஒருவரையும் விட்டதில்லை என்று பேரெடுத்தவள், அன்று அவரை மட்டும் விட்டுவிட்டாள்; துண்டுகளை ஈரச் சாக்கில் கட்டி ஸ்கூட்டரில் வைத்துக்கொண்டு போனாள்.

அவர் அந்தக் கட்டைக்குச் செய்யாத பணிவிடை இல்லை. வெயிலுக்கு ஓலை சாய்த்தார், சாண எரு போட்டார். பெயிண்ட் வேலை முடிந்து வந்ததும் கையில் நிறம் காய்வதற்கு முன்பே குனிந்து பார்ப்பார். அடுத்த பருவம் வந்தது. எறும்பு வந்தது, புல் வந்தது, துளிர் வரவில்லை. வெள்ளை இல்லாத பாத்தியில் சிவப்பும் ரோஸும் மறுபடி முட்டிக்கொண்டன. கேட்டருகே இப்போது யாரும் நிற்பதில்லை.

ஒரு மாலை மைத்துனி வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் டெய்சி பால் பொங்கியதுபோல வழிந்து கிடந்தது. அதே இதழ், அதே மஞ்சள் பொட்டு. வெகுநேரம் நின்றார். உள்ளேயிருந்து காபியோடு வந்தவள் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு டம்ளரைப் படியில் வைத்தாள்.

"ஒண்ணு தர்றியாம்மா?" என்றார். தன் வீட்டுப் பொருளைக் கடன் கேட்பதுபோல இருந்தது அவருக்கு.

"பூத்து ஓயட்டும் அத்தான். நானே கொண்டாந்து நட்டுத் தர்றேன்."

சொன்னபடி வந்தாள். செடியை நடுவதற்கு முன்னால் கட்டையை எடுத்தாக வேண்டும். அவர் மண்டியிட்டுப் பிடித்து, தோண்ட வேண்டியிருக்கும் என்று நினைத்து, மெல்ல அசைத்தார். பாட்டில் மூடி கழல்வதுபோல வந்துவிட்டது. ஒரு வேர் இல்லை, ஒரு இழை இல்லை. இத்தனை நாள் தண்ணீர் குடித்தும் அது மண்ணைத் தொட்டுப் பிடிக்கவே இல்லை. அவர் அதைக் கொல்லைப் பக்கம் எடுத்துப் போனார். குப்பைக் குழியில் விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. திரும்பி வந்தபோது அவர் கண்களைப் பார்க்காமல் மைத்துனி குழிக்குள் எரு தூவிக்கொண்டிருந்தாள். புதுச்செடியை அவரே வைத்து, சுற்றிலும் மண்ணை அழுத்தினார்.

கை கழுவப் போகவில்லை. பாத்தியின் கோடிக்குப் போய், கிழங்கு கிழங்காக ஒன்றன்மேல் ஒன்று ஏறி நெருங்கிக் கிடந்த ஐரிஸ் பூச்செடி முன்னால் நின்றார்.

"இதுவும் இந்த வருஷம் சரியாப் பூக்கலை. இதுவும் முத்திடுச்சா?"

"ம்."

"அப்ப கத்தியை எடு. இன்னிக்கே பிரிச்சிடலாம். எல்லாத்தையும் பிரிச்சிடலாம்மா."

திரும்பிப் பார்த்தார். மைத்துனி கத்தியை மடியில் வைத்துக்கொண்டு மண்ணிலேயே உட்கார்ந்திருந்தாள். அந்த ஐரிஸ் கிழங்குகள் அக்காவும் தங்கையுமாக யாரோ வீட்டு வேலியோரம் கெஞ்சி வாங்கி, செய்தித்தாளில் சுருட்டி, இவள் கண்டக்டராகப் போன ரூட் பஸ்ஸிலேயே டிரைவர் சீட்டுக்குப் பின்னால் ஒளித்துக் கொண்டுவந்தவை. சரக்குக்கும் டிக்கெட் போடுவியாடி என்று வழி நெடுக அக்கா கேட்டுக்கொண்டே வந்தாளாம்.

"பிரிக்கணும்னு நீதானே சொல்லுவே," என்றார் அவர்.

"ஆமா அத்தான்." முதல் தடவையாக அவள் குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டது. "இது மட்டும் இன்னும் ஒரு வருஷம் இப்படியே கிடக்கட்டுமே."

அவர் அவள் மடியிலிருந்து கத்தியை எடுத்து, மண்ணைத் துடைத்து, உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தார்.