இடது சக்கரத்தில் சிவப்பு கிரீஸ்

இடது முன்சக்கரத்தின் தூசி மூடியைச் சுத்தியலால் தட்டிக் கழற்றியவள், அப்படியே உட்கார்ந்துவிட்டாள். உள்ளே கிரீஸ் சிவப்பாக இருந்தது.

அவள் போடுவது பழுப்பு. அப்பா விட்டுப்போன அந்தப் பழைய காருக்குப் பதினொரு வருடமாக ஒரே கடை, ஒரே டப்பா. வருடத்துக்கு ஒரு முறை முன்சக்கரங்களைக் கழற்றி, பேரிங்குகளைக் கழுவி, புது கிரீஸ் அடைப்பது அவள் வேலை. பள்ளியில் வேதியியல் டீச்சர். ஒத்துப்போகாத இரண்டு கிரீஸ்களைக் கலந்தால் இளகி ஓடிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். அந்த நாளில் கணவருக்கு இருக்கும் ஒரே வேலை, பக்கத்தில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பது.

நட்டைப் பூட்டும் காட்டர் பின் என்ற கம்பியும் புதிது. அவள் அதன் கால்களை ஒட்ட வெட்டி மடக்குவாள். இதுவோ முறுக்கிய மீசை மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருந்தது.

"என்னங்க, நான் டிரெய்னிங் போயிருந்த வாரம் வண்டியை யாராவது தொட்டாங்களா?"

"வண்டி நகரவே இல்லையே." பேப்பர் இறங்கவில்லை.

தொட்டார்களா என்று கேட்டால் நகரவில்லை என்கிறார்.

டீயோடு வந்த நாத்தனார் நின்றாள். "அண்ணி, சொல்லவே மறந்துட்டேன். அந்த வாரம் காதுல பென்சிலோட ஒருத்தர் வந்தாரு. வண்டிப் பக்கத்துல உக்காந்து சக்கரத்தையே நோண்டிட்டிருந்தாரு. நான் எட்டிப் பாத்ததும் அண்ணன் உள்ள போன்னு கைய ஆட்டுறாரு."

"உன் வாய்க்கு ஒரு பூட்டு வாங்கணும்" என்றார் பேப்பருக்குப் பின்னாலிருந்து.

அவள் சுத்தியலைக் கீழே வைத்தாள். இதை வித்துட்டா வாசல்ல எவ்வளவு இடம் கிடைக்கும் என்று போன மாதம் விளையாட்டாகச் சொன்னவர்தானே? பழைய கார் வாங்க வருகிறவன் சக்கரத்தைத்தான் கழற்றிப் பார்ப்பான். அப்பாவின் காரை அவளுக்குத் தெரியாமல் விலை பேசிவிட்டாரா?

சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்பை வெளியே இழுத்தாள். சிவப்பும் பழுப்பும் குழம்பி, கிரீஸை உள்ளேயே தடுக்கும் ஆயில் சீல் வளையத்தைத் தாண்டி வழிந்து, பிரேக் டிரம்மின் விளிம்புவரை வந்திருந்தது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்திருந்தால் பிரேக் பிடித்திருக்காது.

"யாருங்க அந்த ஆளு?"

பேப்பர் மடிந்தது. "தெருமுனை ஸ்பேர் பார்ட்ஸ் கடைக்காரர். நான்தான் கூப்பிட்டேன். கழட்டிட்டேன், திரும்ப மாட்டத் தெரியல."

"பல்பு மாத்தவே ஆள் கூப்பிடுற நீங்க, சக்கரத்தைக் கழட்டினீங்களா?"

"போன வருஷம் இந்த நட்டோட மல்லுக்கட்டி, மணிக்கட்டுல கட்டோட ஒரு வாரம் திரிஞ்சியே. சாக்பீஸ் பிடிக்க முடியலன்னு சொன்ன. அதான் நீ வர்றதுக்குள்ள முடிச்சிடலாம்னு. ஒரு சக்கரத்துக்கே பொழுது போயிடுச்சு."

"கிரீஸை நம்ம வழக்கமான கடையில ஏன் வாங்கல?"

"அவரு உன்கிட்ட போட்டுக் குடுத்துடுவாரே."

எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தார். அதுதான் அவளுக்கு உறுத்தியது. பேரிங்கை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, பழுப்பு டப்பாவோடு அவர் முன்னால் வைத்தாள்.

"அடைங்க, பாக்கலாம்."

"அண்ணா, பிராக்டிகல் எக்ஸாம்!" என்றாள் நாத்தனார்.

அவர் இடது உள்ளங்கையில் கிரீஸ் எடுத்தார். பேரிங்கின் அகன்ற விளிம்பை அதில் அழுத்தி அழுத்தி, மேலே ரோலர்களுக்கு நடுவே கிரீஸ் எட்டிப் பார்க்கும்வரை திருப்பினார். முடித்ததும் பேரிங்கைக் காதருகே கொண்டுபோய்ச் சுற்றி, கண்ணை மூடிக் கேட்டார்.

அப்பா அப்படிக் கேட்பார், அவளும் கேட்பாள். ஆனால் கழுவியவுடன், கிரீஸ் போடும் முன். அடைத்த பிறகு காதில் வைத்தால் என்ன கேட்கும்? எந்தக் கடைக்காரரும் சொல்லிக்கொடுக்காத தப்பு அது. வருடக்கணக்காகப் பேப்பருக்கு மேலே அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தவருக்கு, வரிசை மட்டும் பிடிபடவில்லை.

"பழசைக் கழுவினீங்களா?"

"கழுவணுமா? அது நல்லாத்தானே இருந்துச்சு!"

"வலது சக்கரம்?"

"தொடவே இல்ல, சத்தியமா."

அவள் போய் வலது மூடியையும் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். பழுப்பு. அவருடைய காது மடலில் ஒட்டியிருந்த கிரீஸைத் துணியால் துடைத்தாள். வலிக்கிற மாதிரியே துடைத்தாள்.

"சிவப்பு ஒரு பொட்டுகூட மிஞ்சாம ஹப், டிரம் மொத்தமும் கழுவுங்க. நான் உக்காந்து பேப்பர் படிக்கிறேன்."

நாற்காலியில் சாய்ந்து பேப்பரை விரித்தாள். கண்ணை மறைக்காத உயரத்தில்தான் பிடித்துக்கொண்டாள்.