செம்போத்துக்கு இன்னொரு பெயர்

என் வீட்டுக்காரர் அரங்கநாதனுக்கு ஏரியில் இறங்கும் பறவை அத்தனைக்கும் பெயர் தெரியும். என் பெயர்தான் தெரியாது.

மறதி நோய் என்று விழுப்புரத்து டாக்டர் சொல்லி இரண்டு வருஷம் ஆகப்போகிறது. முதலில் சாவி வைத்த இடம் போனது, பிறகு தெரு, பிறகு எங்கள் மகள் சங்கவியின் முகம். கடைசியில் நான். ஒரு நாள் காலையில் காபியைக் கையில் வாங்கிக்கொண்டு, "ரொம்ப தேங்க்ஸுங்க" என்றார். கல்யாணமான நாளிலிருந்து 'இந்தா' என்றும், கோபம் வந்தால் 'ஏ செண்பகம்' என்றும் கூப்பிட்ட மனிதர். மரியாதை வந்துவிட்டது, ஆள் போய்விட்டார். அடுப்படியில் நின்று அழுதேன்.

மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்தவர் அவர். ஒரு தடவை கம்பத்தில் ஏறியபோது, அங்கே கூடு கட்டியிருந்த கரிச்சான் தலையில் கொத்திவிட்டதாம். கொத்தியது யார், என்ன வகை என்று விசாரிக்கப் போய்ப் பிடித்த பைத்தியம் இது. லீவு கிடைத்தால் காணை ஏரிக்கரைதான். சங்கவி திண்டிவனத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் ஒரு பைனாகுலர் வாங்கிக் கொடுத்தாள். மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. என்னையும் வா வா என்று கூப்பிடுவார். மாட்டையும் கொல்லையில் களையெடுக்க வேண்டிய மல்லாட்டைச் செடியையும் போட்டுவிட்டுக் கொக்கு பார்க்கப் போக நான் என்ன ஜமீன்தாரிணியா? போகவில்லை.

"அவருக்குப் பிடிச்சதைப் பேசிக்கிட்டே இருங்கம்மா, அதைப் பிடிச்சிக்கிட்டு மேல வந்தாலும் வரலாம்" என்று டாக்டர் சொன்னார். சரி என்று ஆணியில் மாட்டியிருந்த பைனாகுலரை எடுத்து அவர் கழுத்தில் போட்டு, நானே ஏரிக்கு அழைத்துப் போக ஆரம்பித்தேன். சங்கவி போனில் சத்தம் போட்டாள்.

"வழியில எங்கனா காணாமப் போயிட்டா இன்னாம்மா பண்ணுவ? வீட்லயே வெச்சிக்க."

"வீட்ல இருந்தும் காணாமத்தானே இருக்காரு" என்றேன்.

எனக்கு வேண்டியது ஒன்றுதான். ஒரே ஒரு தடவை அவர் என் பெயரைச் சொல்லி என்னைக் கூப்பிட வேண்டும்.

ஆரம்பத்தில் எனக்கு வெள்ளையாக இருந்தால் கொக்கு, கறுப்பாக இருந்தால் காக்கா. அவர் பொறுமையாகத் திருத்துவார். "காக்கா இல்லீங்க, அது நீர்க்காகம். முழுவி எழுந்திரிச்சி றெக்கைய காயவைக்குது பாருங்க." கொக்கிலேயே பல சாதி இருப்பது அப்போதுதான் தெரிந்தது. மூக்கைப் பார்க்க வேண்டுமாம், பிறகு காலைப் பார்க்க வேண்டுமாம். ஒரு நாள் சேற்றில் நின்ற வெள்ளைக் கொக்கு ஒன்று காலைத் தூக்கியது. கறுப்புக் காலின் அடியில் விரல்கள் மட்டும் மஞ்சளாக இருந்தன.

"சின்னக் கொக்குங்க" என்றேன்.

"புடிச்சிட்டீங்களே" என்று அவர் சிரித்தார். எனக்குச் சின்னப் பிள்ளைபோலக் குதிக்க வேண்டும் என்று இருந்தது. இத்தனை காலம் நம் கண்முன்னால் நின்றதை இன்றைக்குத்தான் பார்க்கிறோம் என்பதில் இவ்வளவு சந்தோஷம் இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. இல்லை, இவர் சொன்னார். நான்தான் காதில் வாங்கவில்லை.

அதன் பிறகு அவர் மத்தியானம் தூங்கும்போது அவருடைய பறவைப் படப் புத்தகத்தை எடுத்து வைத்துப் படித்தேன். கரையில் நின்று யார் முதலில் சொல்வது என்று போட்டி போட்டோம். நாமக்கோழி, முக்குளிப்பான், பாம்புத்தாரா. நான் ஜெயித்தால் முறைப்பார், கல்யாணமான புதிதில் முறைத்த அதே முறைப்பு. என் பெயர் அவர் வாயில் இன்றைக்கு வந்துவிடும், நாளைக்கு வந்துவிடும் என்று நான் காத்திருந்தேன்.

போன வாரம் கரையோரத்து வேலிக்கருவைப் புதரிலிருந்து ஒரு பறவை தரையில் இறங்கி நடந்தது. உடம்பு கறுப்பு, இறக்கை செங்கல் நிறம், சிவந்த கண். எங்கள் பக்கத்தில் எல்லோரும் சொல்கிற பெயர் தானாக என் வாயில் வந்துவிட்டது.

"தோ, செண்பகம் போவுது பாருங்க."

அவர் பைனாகுலரை இறக்கினார். திரும்பி என் முகத்தையே பார்த்தார். அப்படி அவர் என்னைப் பார்த்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சொல்லுங்க, சொல்லுங்க என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டே நின்றேன்.

"அத செம்போத்துன்னு சொல்லணுங்க" என்றார். "ஊரே செண்பகம்னுதான் சொல்லுது. நான் மட்டும் சொல்லமாட்டேன். அது என் சம்சாரம் பேரு."

கஷ்டப்பட்டுத்தான் கேட்டேன்.

"அவங்க உங்ககூட வரமாட்டாங்களா?"

"கூப்புட்டா வரமாட்டா. பாவம், அவளுக்கு வூட்டு வேல, கொல்ல வேல. ஒரு நாளு எப்படியாச்சும் இட்டுக்கினு வந்து இதெல்லாம் காட்டிப்புடணும்." பைனாகுலரைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "நீங்க நல்லா பாக்கறீங்க. அவளும் வந்தா உங்கள மாதிரி கத்துக்குவா."

நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன். அவர் அதைக் கவனிக்கவில்லை. வெயில் ஏறிவிட்டதைப் பார்த்து அவருக்குப் பரபரப்பு வந்துவிட்டது.

"போலாங்க, நேரமாயிடுச்சி. அவ என்னைத் தேடிக்கினு இருப்பா."

"ஆமாங்க" என்றேன். "தேடிக்கினுதான் இருக்காங்க."

அதைக் கேட்டதும் அவர் என்னை அங்கேயே விட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து வேகமாக நடந்தார்.