பண்டிகை மாத்து

இந்த வருஷம் பெட்டி கிடையாது. பளபளக்கிற காகிதம் கிடையாது. பைக்குள் மறைத்து எடுத்துப்போய் அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்து வைக்கிற எதுவும் கிடையாது. கேட்டால் சொல்லிவிட வேண்டியதுதான், ஒரு நாள் தருகிறேன் என்று. காலையிலிருந்து இருட்டும் வரைக்கும் மூன்று பேரும் ஒன்றாக இருக்கிற ஒரு நாள். சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

கம்பெனி பஸ்ஸின் ஜன்னலோரம் உட்கார்ந்து சகாயமேரி இப்படித்தான் தனக்குள் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒரகடம் கூட்டு ரோட்டுக் கடைகளில் காகித நட்சத்திரங்கள் தொங்க ஆரம்பித்துவிட்டன. துணிக்கடை வாசலில் குழந்தைக் கவுன்களை வரிசையாக மாட்டியிருந்தார்கள். முன்பெல்லாம் அதைப் பார்த்ததுமே ஓடத் தொடங்கிவிடும் மனசு இந்த முறை இருந்த இடத்திலேயே இருந்தது. பரவாயில்லையே என்று அதை அவளே ஒருமுறை தட்டிக்கொடுத்தாள்.

அவள் செல்போன் பாகங்கள் பொருத்தும் கம்பெனியில் பகல் ஷிஃப்ட். புருஷன் கிறிஸ்துதாஸ் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறான். அவனுக்கு நிரந்தரமாக நைட். வார லீவும் ஆளுக்கொரு கிழமை. காலையில் அவனுடைய பஸ் கூட்டு ரோட்டில் வந்து நிற்கும்போது எதிர்ப்பக்கம் அவளுடைய பஸ் கிளம்பத் தயாராக இருக்கும். நடுவில் ஒரு ரோடு. அதைக் கடக்கிற நேரம்தான் அவர்களுடைய தாம்பத்தியம். "பாப்பாவுக்குச் சளி புடிச்சுக்கினு கீது." "கொழம்பு அடுப்பு மேல கீது, சூடு பண்ணிக்கங்க." சில நாள் அதுவும் இல்லை, கை தூக்கிக் காட்டுவதோடு சரி.

மகள் ஷெர்லின் ஏழாவது படிக்கிறாள். அப்பாவையும் அம்மாவையும் ஒவ்வொருவராகப் பார்த்தே வளர்ந்தவள். வல்லக்கோட்டையில் அவர்கள் குடியிருப்பது ஒற்றை அறையும் சமையல் மூலையும் கொண்ட வீடு. அந்த வீட்டில் அதிகம் பேசப்பட்ட வாக்கியம் எது என்று யாராவது கேட்டால், "மெதுவா, அப்பா தூங்கறாரு" என்பதாகத்தான் இருக்கும். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஷெர்லின் செருப்பை வெளியிலேயே கழற்றி, தாழ்ப்பாள் ஓசைப்படாமல் துணி சுற்றித் திறப்பாள். டிவியைச் சத்தமில்லாமல் பார்ப்பாள். சிரிப்பு வந்தால் கையால் வாயைப் பொத்திக்கொண்டு தோள் மட்டும் குலுங்கச் சிரிப்பாள். "உங்க பொண்ணு ரொம்ப அடக்கம்" என்று டீச்சர் சொன்னபோது மேரி பெருமைப்பட்டாள். அந்தப் பெருமையில் ஏதோ கோளாறு இருக்கிறது என்று புரிய அவளுக்கு ஒரு ஜோடி ஷூ தேவைப்பட்டது. ஒரு ஜோடி அல்ல, இரண்டு.

போன கிறிஸ்துமஸ் அன்று ஷெர்லின் அம்மா கொடுத்த பெட்டியைப் பிரித்தாள். வெள்ளை ஷூ, ரோஸ் கலர் நாடா. கட்டிலுக்கு அடியிலிருந்து அப்பா கொடுத்த பெட்டியைப் பிரித்தாள். அதே வெள்ளை, அதே ரோஸ் நாடா, அதே அளவு. குன்றத்தூரில் அதே கடை. இருவரும் தனித்தனியாகப் போய், தனித்தனியாக யோசித்து, ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ள நேரமில்லாமல் வாங்கி வந்திருந்தார்கள். கிறிஸ்துதாஸின் அக்கா ஃபாத்திமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "புருசனும் பொண்டாட்டியும் ஒரே மனசுடி! நாலு காலு இருந்தா நல்லா இருந்திருக்கும் இந்தப் பொண்ணுக்கு!" எல்லோரும் சிரித்தார்கள். அப்பா முழித்திருந்தும் ஷெர்லின் வாயைப் பொத்தித் தோள் குலுங்கவே சிரித்தாள். ஒரு ஜோடியைப் போட்டுத் தேய்த்தாள். அது பிய்ந்து, இரண்டாவது பெட்டியைத் திறந்தபோது கால் வளர்ந்துவிட்டிருந்தது.

ஒரே மனசுதான், மேரி யோசித்தாள். அதில் சந்தேகமில்லை. அந்த மனசை ஒரே இடத்தில் வைக்கத்தான் எங்களுக்கு இடமில்லை.

கம்பெனியில் அவர்கள் வேலை செய்யும் லைனில் ஒரு வழக்கம் உண்டு. பண்டிகை மாத்து என்பார்கள். தீபாவளிக்குப் பக்கத்து சீட்டு மதிவதனியின் இடத்தில் மேரி உட்காருவாள், கிறிஸ்துமஸுக்கு மேரியின் இடத்தில் மதிவதனி. வாய்ப்பேச்சுதான். ஆனாலும் இதில் இதுவரை யாரும் யாரையும் ஏமாற்றியதில்லை. இத்தனை வருஷமும் அந்த நாளை மேரி பிரியாணி கிளறவும் பாத்திரம் கழுவவும் செலவழித்தாள். கிறிஸ்துதாஸ் அன்றும் ஓட்டிக்கு, அதாவது ஓவர்டைமுக்கு, போய்விட்டு வந்து தூங்குவான். இந்த வருஷம் அவனையும் விடவில்லை. ஊருக்குப் போன, கிடங்கில் கூட வேலை செய்யும் மாசானத்துக்காகத் தீபாவளி ராத்திரி தன் லீவை விட்டு அவன் வண்டி ஓட்டினான் இல்லையா, பதிலுக்கு இருபத்து நாலாம் தேதி ராத்திரி மாசானம் ஓட்டட்டும் என்றாள்.

அதையும் ரோட்டைக் கடக்கும்போதுதான் சொன்னாள்.

"இன்னாது, ஒண்ணும் வாங்க வேணாமா?" கிறிஸ்துதாஸ் நடு ரோட்டிலேயே நின்றுவிட்டான். "அப்ப பாப்பாவுக்கு?"

"வேடந்தாங்கலுக்குக் கூட்டிக்கினு போறோம். மூணு பேரும். நாள் முழுக்க."

"எங்க அக்கா வந்து கேக்கும், இன்னாடா வாங்கிக் குடுத்தேன்னு. இன்னா சொல்ல? ஏரியைக் காட்டினேன்னா?"

"ஆமா, ஏரியைக் காட்டினேன்னு சொல்லுங்க."

"நல்லா கீது போ. கொக்கு அது பாட்டுக்கு எங்கிருந்தோ பறந்து வருது. அதுக்கு நாம ரிப்பன் கட்டி கிஃப்டுன்னு குடுக்கறோம்."

பஸ் டிரைவர் டில்லிபாபு ஹாரனை அழுத்தினான். "யக்கா, குடும்பத்தை வூட்ல நடத்துக்கா, ரோட்ல நடத்தாதே!"

"வூட்ல எங்கடா டில்லி நேரம்?" என்று சொல்லிக்கொண்டே ஏறினாள். பஸ்ஸே சிரித்தது. அவளும்தான். ஆனால் சொன்னது விளையாட்டுக்கு அல்ல என்பது உட்கார்ந்த பிறகும் நெஞ்சில் கொஞ்ச நேரம் இருந்தது.

அந்த வாரமே சூப்பர்வைசர் பிரசன்னா அவளைத் தனியாகக் கூப்பிட்டான். அவளைவிடச் சின்னவன், நல்ல பையன். "மேரிக்கா, இருபத்தஞ்சு நீங்களும் வந்துடுங்க. ஏத்துமதி அவசரம். மதிவதனி மட்டும் பத்தாது. ஓட்டி டபுள். அன்னிக்கு வர்றவங்களுக்கு மேனேஜ்மெண்ட் ஒரு இண்டக்ஷன் அடுப்பு வேற குடுக்கறாங்க, கிறிஸ்துமஸ் கிஃப்டா." பிறகு குரலைத் தாழ்த்தினான். "ஜனவரியில லைன் லீடர் போடறாங்க. உங்க பேரைத்தான் சொல்லி வெச்சிருக்கேன். அன்னிக்கு உங்க மூஞ்சி தெரிஞ்சா எனக்கும் பேச ஈஸி."

அவளுக்கு அது வேண்டும். வேண்டாதவள் போல அவள் தன்னிடமே நடித்ததில்லை. எத்தனையோ பேருக்கு வேலை கற்றுக்கொடுத்து, அவர்கள் லீடராகிப் போவதை நின்றபடி பார்த்திருக்கிறாள். லீடர்கள் போடும் அந்தச் சிவப்புத் தொப்பியை வைத்துக்கொண்டு லைனின் முன்னால் நிற்பது எப்படி இருக்கும் என்று பஸ்ஸில் கண்ணை மூடிப் பார்த்திருக்கிறாள். "யோசிச்சுச் சொல்றேன் சார்" என்றாள். யோசிக்க ஒன்றுமில்லை என்று தெரிந்தே சொன்னாள். தெரிந்த பதிலைக் கையில் வைத்துக்கொண்டு அதை யாரிடமும் கொடுக்காமல் நடந்தாள். அதுதான் அவளுக்கே பிடிக்கவில்லை.

கிறிஸ்துமஸ் காலை பூசை முடிந்து கோயில் வாசலில் ஃபாத்திமா பிடித்துக்கொண்டாள். "இன்னாடி கண்ணு, ரெண்டு பேரும் இன்னா வாங்கிக் குடுத்தாங்க? இந்த வாட்டியும் ரெண்டு ஜோடியா?"

"ஏரிக்குப் போறோம் அத்தை" என்றாள் ஷெர்லின். பக்கத்தில் நிற்பவருக்கு மட்டும் கேட்கிற அவளுடைய குரலில்.

"ஏரியா? நம்மூர்ல இல்லாத ஏரியா?"

ஷெர்லின் போன வருஷத்துக் கவுனின் நீளத்துக்காகப் பிரித்துவிட்ட ஓரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் ஒரு பெண் புது வாட்சை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். மேரிக்குச் சுருக்கென்றது. ஒரு வேளை இது எனக்கு நானே வாங்கிக்கொண்ட பரிசோ? பிள்ளை கேட்காததை அவள் தலையில் கட்டுகிறேனோ? கிறிஸ்துதாஸ் அவளைப் பார்த்த பார்வையில் நான் அப்பவே சொன்னேன் என்பது இருந்தது. அவள் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டாள்.

சிங்கப்பெருமாள் கோவில் தாண்டி, செங்கல்பட்டு தாண்டி, நடுவில் மகளும் பின்னால் அவளுமாகப் போனார்கள். கையை நீட்டினால் இருவரையும் சேர்த்துப் பிடிக்க முடிந்தது. எவ்வளவு சுலபமாக இருக்கிறது இது, என்று நினைத்தாள். ஒரு கைப்பிடி.

ஏரியில் மரங்களே தெரியவில்லை, பறவைகள்தான் இருந்தன. கூழைக்கடாக்களும் நாரைகளும் கிளைக்குக் கிளை சண்டை போட்டுக்கொண்டிருந்தன. அத்தனை குஞ்சும் ஒரே நேரத்தில் பசி என்று கத்தின. கரையோர மரத்தடியில் பெட்ஷீட்டை விரித்தார்கள். கிறிஸ்துதாஸ் ஒரு இட்லியைச் சாப்பிட்டான். "இன்னாம்மா இவ்ளோ கொக்கு" என்றான். இரண்டாவது இட்லியைப் பிட்டவன், கையைத் துடைத்துக்கொண்டு சும்மா சாய்ந்தான். அடுத்த முறை அவள் திரும்பிப் பார்த்தபோது குறட்டை விட்டுக்கொண்டிருந்தான்.

வெயில் ஏறினால் தூங்குகிற உடம்பு. ராத்திரி லீவு போட்டாலும் அது லீவு போடாது. அவளுக்குத் தெரியும். தெரிந்தும் கோபம் வந்தது. இதற்காகவா? இந்த ஒரு நாளுக்காகத்தான் தீபாவளி அன்று வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கம்பெனியில் உட்கார்ந்திருந்தாள். இன்றைக்கும் அவன் தூக்கம்தான் பண்டிகையா? எழுப்ப அவன் தோளை நோக்கிக் கையை நீட்டினாள்.

"எழுப்பாதம்மா" என்று கிசுகிசுத்தாள் ஷெர்லின். "பாரு."

கிறிஸ்துதாஸின் வலது கால் மெல்ல அமுங்கி எழுந்தது. இடது கை எதையோ பிடித்துச் சுற்றியது.

"வண்டி ஓட்றாரும்மா."

ஆமாம், தூக்கத்திலும் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தான். ஷெர்லின் அவனையே கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏரியைப் பார்த்தாள். அத்தனை கூச்சலிலும் அப்பா அசையாமல் தூங்குவதைப் பார்த்து அவளுக்கு என்ன தோன்றியதோ, வாயைக் குவித்து, "பீம்... பீம்... பீம்..." என்றாள். ரிவர்ஸ் எடுக்கும் வண்டியின் சத்தம். முதல் தடவை மெதுவாக. அடுத்த தடவை அடுத்த மரத்தடிக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு.

கிறிஸ்துதாஸ் கண்ணைத் திறக்காமலே கழுத்தைத் திருப்பிப் பின்னால் ஆள் இருக்கிறதா என்று பார்த்தான்.

ஷெர்லின் சிரித்தாள். கை வாய்க்குப் போகவில்லை. கனமாக, உருண்டு, கடைசியில் மூக்கால் ஒரு செருமலோடு முடிகிற சிரிப்பு. இது கிறிஸ்துதாஸின் சிரிப்பு அல்லவா? கல்யாணமான புதிதில் அவன் வேலைக்குப் போகாமல் வீட்டில் இருந்த நாட்களில் கேட்ட அதே சிரிப்பு. இது இவளிடம் இருந்திருக்கிறது. இத்தனை வருஷமும் நான்தான் மெதுவா, மெதுவா என்று மூடி வைத்திருந்தேன். அந்த நினைப்பு வலித்தது. ஆனால் வலியைவிடச் சிரிப்புப் பெரிதாக இருந்ததால் அவளும் சேர்ந்து சிரித்துவிட்டாள்.

"இன்னா சத்தம்?" கிறிஸ்துதாஸ் எழுந்து உட்கார்ந்தான்.

"உங்க பொண்ணு வண்டியை ரிவர்ஸ் எடுக்கச் சொல்றா."

அவனுக்கு விஷயம் புரியச் சற்று நேரமானது. புரிந்ததும் அவனும் சிரித்தான். ஒரே செருமல், இரண்டு மூக்கில். ஷெர்லின் விடவில்லை. பள்ளிக்கூடத்தில் நடந்தது, வாத்தியார் தும்முகிற விதம், அத்தை நடக்கிற நடை என்று ஏரிப் பறவைகளோடு போட்டி போட்டுக்கொண்டு பேசினாள். "இவ்ளோ பேசுமா இது?" என்றான் கிறிஸ்துதாஸ், மேரியிடம், ரகசியமாக. "அத்தையை அப்பிடியே செய்யுதே. இன்னொரு வாட்டி செய்டி கண்ணு, அக்கா எப்பிடி நடக்கும்?" ஷூவையோ வாட்சையோ பற்றி அவன் பிறகு பேசவே இல்லை.

அப்போதுதான் மேரியின் போன் அடித்தது. பிரசன்னா.

போனில் அந்தப் பெயரைப் பார்த்த அந்தக் கணமே ஷெர்லினின் கை தானாகத் தன் வாய்க்குப் போனது. அத்தையைப் போல் நடந்த நடையும் பாதியில் நின்றது. அம்மாவுக்குப் போன் வந்தால், அப்பா தூங்கினால், பேச்சை நிறுத்திவிட வேண்டும். யாரும் சொல்லாமலே அந்தக் கைக்குத் தெரிந்திருந்தது.

மேரி அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள். தன் மடியில் வைத்துக்கொண்டாள். பிறகு போனை எடுத்தாள்.

"மேரிக்கா, ஹேப்பி கிறிஸ்துமஸ். ரெண்டு பேரு வரலைக்கா, லைன் திணறுது. அரை ஷிஃப்ட் போதும். எங்க கீறீங்கன்னு சொல்லுங்க, கார் அனுப்பறேன். மேனேஜர் இங்கதான் நிக்கறாரு. உங்களைத்தான் கேட்டாரு. அடுப்பு கூட உங்க பேருக்கு எடுத்து வெச்சுட்டேன்." பின்னால் லைன் ஓடும் இரைச்சல் கேட்டது. "இன்னாக்கா அங்க ஒரே சத்தம்?"

வழக்கமாகப் போனில் அவளுக்கு வருவது வீட்டுக் குரல், யாரையும் எழுப்பாத குரல். இப்போது அது வரவில்லை. மகள் பேசிய குரலின் அளவுக்கே அவளுக்கும் குரல் வந்தது.

"என் பொண்ணு பேசிக்கினு கீது சார்."

"சரிக்கா, ஜனவரி விஷயம் ஞாபகம் கீது இல்ல? மேனேஜரே கேக்கறாரு. வந்துட்டா நல்லது."

"ஞாபகம் கீது சார். எனக்கு அந்த வேலை வேணும். ஜனவரியில வந்து நானே கேப்பேன்." மடியில் இருந்த சின்னக் கையை அழுத்தினாள். "இன்னிக்கு வரமாட்டேன்."